ஐந்து அடிகள் அனாமத்தில்

திரையில் கோல்ஃப் ஆடும் நம் குழுவின் பதினைந்து பேருக்கும்,



நம் போட்டியின் இரண்டாம் சுற்றில் என் வீட்டில் நெட் போகவில்லை. ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கியது நான்தான்.

இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். இல்லாவிட்டால் ‘மறக்க முடியாத நான்கு வாரங்கள்’, ‘கடல் தாண்டிய நட்பு’ என்று நானும் நெகிழ்ந்து நாலு வரி எழுதியிருப்பேன்; நீங்களும் கைகூப்பும் பொம்மைகளை வரிசையாகப் போட்டிருப்பீர்கள். குரூப்பிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் அழித்தேன். அங்கே போட்டால் பத்து நிமிடத்தில் “அட விடுங்க சார், விளையாட்டுத்தானே” என்று யாராவது முடித்து வைத்துவிடுவீர்கள். மதியத்துக்குள் அது பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் போய்விடும். உங்கள் பெருந்தன்மை எனக்குத் தெரியும். அன்றைக்கு அதைத்தான் பயன்படுத்திக்கொண்டேன். இன்னொரு முறை வேண்டாம்.

வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு கட்டைவிரலால் கோல்ஃப் ஆடுகிறவர்கள் நாம் மட்டும் இல்லை. மற்றவர்களும் படிக்கட்டும் என்று மடலைத் திறந்தே வைக்கிறேன்.

நாம் இந்த விளையாட்டுக்குள் வந்து விழுந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். 2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. அன்று சாயங்காலம் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வாங்கியது ஊருக்கே ஞாபகம் இருக்கும். அன்று காலையில் நடந்தது கொஞ்சம் பேருக்குத்தான் ஞாபகம். பெங்களூருவின் அதிதி அசோக், உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்தில் இருந்தவர், டோக்கியோ ஒலிம்பிக்கில் கோல்ஃப் பதக்கத்துக்காக ஆடிக்கொண்டிருந்தார். மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தவர் அவருடைய அம்மா. பார் என்றால் என்ன, பர்டி என்றால் என்ன என்று தெரியாமலேயே எத்தனையோ வீடுகளில் டிவி ஓடியது. நான்கு நாள், 72 ஹோல், மொத்தம் 269 அடி. வெண்கலம் வாங்கிய லிடியா கோவுக்கு 268. ஒரே ஓர் அடியில் பதக்கம் கைநழுவியது.

அந்த ஓர் அடிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நான்கு நாளில் எங்கே போனது அது? முதல் நாள் குழியின் விளிம்பைத் தொட்டுவிட்டு நின்ற பந்திலா, மூன்றாம் நாள் புல்லில் சிக்கியதிலா? வேறு விளையாட்டாக இருந்தால் எதிராளி கெடுத்தான் என்று சொல்லிவிட்டுப் போகலாம். கோல்ஃபில் உங்கள் பந்தை யாரும் மறிப்பதில்லை, யாரும் பிடுங்குவதில்லை. பந்து அசையாமல் கிடக்கிறது. நீங்கள் அடிக்கிறீர்கள், நீங்களே எண்ணிக்கொள்கிறீர்கள். நான் பகலெல்லாம் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஊரார் கணக்கைச் சரிபார்க்கிறவன். எண்ணிக்கையே விளையாட்டாக இருப்பது எனக்கு ஒத்துவரும் என்று நினைத்தேன்.

நான் வளர்ந்த திண்டுக்கல்லில் கோல்ஃபை யார் பார்த்தது? மலையேறினால் கொடைக்கானலில் 1895இல் தொடங்கிய கிளப் இருக்கிறது. சுற்றுலா போகும்போது வேலிக்கு அப்பால் பச்சையாகத் தெரியும்; சில நாள் காட்டெருமைகள் உள்ளே மேயும். அவற்றுக்கு உறுப்பினர் சந்தா கிடையாது, நமக்கு உண்டு. அதனால் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவோம். எனக்குத் தெரிந்த குழி விளையாட்டு கோலிக்குண்டுதான். தெருவோரம் குதிகாலை ஊன்றிச் சுழற்றினால் குழி தயார். தோற்றவன் முட்டியால் குண்டைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். முட்டி தேய்ந்து எரியும். குண்டை நைசாக ஒரு விரல்கடை நகர்த்தி வைத்தால் சுற்றி நிற்கிற பத்துக் கண்ணில் ஒன்றாவது பார்த்துவிடும். “போங்கு! போங்கு!” என்று தெருவே கத்தும். அழுகுணி ஆட்டம் ஆடுகிறவனுக்கு மறுநாள் ஆட்டத்தில் இடமில்லை. அங்கே நேர்மை என்பது நம்முடைய குணம் இல்லை, மற்றவர்களுடைய கண்.

கண் இல்லாத இடத்தில் என்ன செய்வேன் என்பது நாற்பத்தாறு வயதில்தான் தெரிந்தது.

நாலு பழைய நண்பர்களாக ஆரம்பித்து, நண்பரின் நண்பர், அவருடைய மச்சான் என்று பதினாறு பேரானோம். யாழ்ப்பாணத்துத் தம்பி பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். பினாங்கு அக்கா மருத்துவமனையில் இரவுப் பணி முடிந்து வந்து, காலை ஏழு மணிக்குச் சுற்றை ஆடிவிட்டுத்தான் தூங்குவார். டொரான்டோ சார் பனிக்காலம் முழுக்க வெளியே போக முடியாத கோபத்தை இதில் தீர்ப்பார். இத்தனை பேரில் உண்மையான கோல்ஃப் புல்லை மிதித்தவர் ஒருவர்தான். நம் ராமநாதபுரத்து அண்ணன். வளைகுடாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பதினோரு வருடமாகப் புல் பராமரிக்கிறார். அங்கே ஆட அவருக்கு அனுமதி இல்லை. ஆனால் அந்த மைதானத்தின் ஒவ்வொரு குழியும் அவர் கையால் வெட்டியது.

அவர் போட்ட அந்த வாய்ஸ் மெசேஜை நான் இன்னும் வைத்திருக்கிறேன். விடியுமுன் வண்டியை எடுத்துக்கொண்டு கிரீன் கிரீனாக, அதாவது குழி இருக்கும் புல்தரை ஒவ்வொன்றுக்கும், போவாராம். குழி நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. ஒரே இடத்தில் காலடி பட்டுப் புல் செத்துவிடும் என்பதால் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உருளை வடிவ வெட்டுக்கருவியை மண்ணில் இறக்கித் திருகி எடுத்தால் நாலேகால் அங்குல அகலத்துக்கு மண்ணும் புல்லுமாக ஓர் உருளைக் கட்டி வரும். அதைக் கொண்டுபோய் நேற்றைய குழியில் பொருத்தி அமுக்கி, தண்ணீர் தெளிப்பார். “தம்பி, நேத்து குழி எங்க இருந்துச்சுன்னு இன்னைக்கு ஆடுறவனுக்குத் தெரியக் கூடாது. அதான் வேலை சுத்தம்” என்றார். அந்த நாலேகால் அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர், 1891 முதல் மாறாத அளவு என்று நான் எங்கோ படித்ததைப் பெருமையாகச் சொன்னேன். “அப்படியா, எங்க மெஷினுக்கும் அதே அளவுதான்” என்றார் சாதாரணமாக.

அவர் சொன்ன இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. பங்கரில், அதாவது மணல்குழியில், இறங்கி அடித்தவர் கையோடு மணலைச் சீவிச் சமன் செய்துவிட்டுத்தான் ஏற வேண்டும். சீவுகோல் பக்கத்திலேயே கிடக்கும். பெரிய மனிதர்கள் பலர் அப்படியே போய்விடுவார்களாம். சாயங்காலம் மணலைப் பார்த்தாலே இன்று யார் ஆடிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தனக்குத் தெரியும் என்றார். நம் திரையில் இந்தத் தொல்லையே கிடையாது. அடுத்தவர் வரும்போது மணல் தானாகப் புதிதாகிவிடும்.

திரை நமக்கு நிறையக் கொடுத்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1984இல் நின்டென்டோ வெளியிட்ட கோல்ஃப் விளையாட்டை எழுதியவர் சடோரு இவாடா என்ற இளைஞர். பின்னாளில் அந்தக் கம்பெனிக்கே தலைவரானார். பட்டனை ஒரு முறை அழுத்தினால் கோடு ஓடத் தொடங்கும், இரண்டாவது அழுத்தில் வேகம், மூன்றாவது அழுத்தில் நேர்த்தி. இடுப்பு, தோள், மணிக்கட்டு என்று வருடக்கணக்கில் பழக வேண்டிய ஒரு வீச்சை மூன்று அழுத்தங்களாகச் சுருக்கியது அந்தக் கோடு. நாம் விரலால் இழுத்து, ஊசி நடுவில் வரும் கணத்தில் விடுகிறோமே, அதெல்லாம் அந்தக் கோட்டின் பேரப்பிள்ளைகள்தான். உடம்பின் வேலையை எடுத்துக்கொண்டு, உடம்புக்கு உள்ளே நடப்பதை மட்டும் அது நம்மிடம் விட்டுவைத்தது. பதற்றம் அப்படியே இருக்கிறது. அவசரமும் இருக்கிறது. ஜெயிக்கப் போகிறோம் என்று தெரிந்தால் விரல் நடுங்கும் நடுக்கத்தில் ஒரு குறையும் இல்லை.

இன்னொன்றும் கொடுத்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானம்தான் கோல்ஃபின் தாய்வீடு என்பார்கள். ஒரு சுற்றுக்கு 18 ஹோல் என்ற கணக்கே 1764இல் அங்கே 22ஐக் குறைத்ததிலிருந்து வந்தது. அந்த ஊரில் 1754இல் தொடங்கிய கிளப், பெண்களை உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று ஓட்டுப் போட்டு முடிவெடுத்தது 2014இல். 260 வருடம்! நம் அக்காவோ வேலைக்குப் போன உடுப்பைக்கூட மாற்றாமல் அதே மைதானத்தில், திரையில்தான், 66 அடித்துவிட்டு, “தூக்கம் வருது, நாளைக்குப் பேசலாம்” என்று போய்விட்டார். தாத்தா காலத்துக் கதவை யாரும் உடைக்கவில்லை. பக்கத்தில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை. அந்த மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. பெரிய போட்டிகள் நடக்கும்போது தவிர, ஞாயிறு என்றால் அது ஊர்ப் பூங்கா. ஜனங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வருவார்கள். நம் விதியிலோ சனி, ஞாயிறு இரண்டு நாளுக்குள் அவரவர் வசதிப்படி ஆடி, ஸ்கோர் அட்டையின் ஸ்கிரீன்ஷாட்டைக் குரூப்பில் போட வேண்டும். நான் பழைய மைதானத்தில் ஆடியது ஒரு ஞாயிறு ராத்திரி பதினொன்றரைக்கு.

இனி அந்த ராத்திரியைச் சொல்கிறேன்.

16 ஹோல் முடிந்தபோது பாருக்கு, அதாவது நிர்ணயித்த அடிக்கணக்குக்கு, நாலு குறைவில் இருந்தேன். வாழ்நாளில் அப்படி ஆடியதில்லை. மனைவியும் மகளும் தூங்கிவிட்டார்கள். ஹாலில் விளக்கு இல்லை. ரவுட்டரின் பச்சைப் பொட்டு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. 17ஆம் ஹோல். ‘ரோடு ஹோல்’ என்று உலகம் பயப்படும் இடம். 495 கஜம், பார் நாலு. முதல் அடியை ஓட்டல் ஓரத்துக் கொட்டகைக்கு மேலே, பந்து எங்கே விழும் என்று கண்ணுக்குத் தெரியாமலேயே அடிக்க வேண்டும். கிரீனுக்குப் பின்னால் ஒரு சாலையும் கல்சுவரும். முன்னால் இடதுபுறம், கிரீனுக்குள்ளேயே வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு பங்கர். அதன் சுவர் செங்குத்தாகப் புல்கட்டி அடுக்கியது.

முதல் அடி அருமையாகப் போனது. இரண்டாவதில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக் கணக்குப் போட்டேன். பந்து கிரீனின் ஓரத்தைத் தொட்டு, யோசித்து, மெதுவாக உருண்டு பங்கருக்குள் இறங்கியது. சரி, ஓர் அடி போனால் போகிறது. மூன்றாவது அடி புல்சுவரில் மோதிக் காலடிக்கே திரும்பி வந்தது. நாலாவதும் அப்படியே. அப்போதே பக்கவாட்டில் தட்டி வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. ஐந்தாவது முறை கோபத்தில் முழு வேகத்தில் இழுத்துவிட்டேன். பந்து சுவரில் இன்னும் கொஞ்சம் மேலே மோதிவிட்டு, வந்த வழியே கீழே வந்தது.

திரையின் மூலையில் ‘அடுத்தது: 6’ என்று காட்டியது.

ஒரு ஹோலுக்கு ஏழுக்கு மேல் ஸ்கோரை நம் குரூப்பில் அதுவரை யாரும் போட்டதில்லை. அந்த அட்டையைக் குரூப்பில் போடும் காட்சி கண் முன்னால் வந்தது. யார் என்ன பொம்மை போடுவீர்கள் என்பதுகூடத் தெரிந்தது. யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது, யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல மாட்டேன். எழுந்து நாலு எட்டு நடந்து, குனிந்து, பிளக்கைப் பிடுங்கினேன். நாலு எட்டு நடக்கிற நேரம் யோசிக்கப் போதுமான நேரம். பச்சைப் பொட்டு அணைந்தது. திரையில் சக்கரம் சுற்றியது. பிறகு ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்று வந்தது.

இணைப்பு துண்டிக்கப்பட்டால் முழுச் சுற்றையும் மறுபடி ஆடலாம் என்பது நாமே வைத்த விதி. “17இல் இருந்தேன், நாலு அண்டர், நெட் போயிடுச்சு” என்று எழுதினேன். 17இல் எங்கே இருந்தேன் என்று எழுதவில்லை. மூன்றும் உண்மையைப் போன்ற வாக்கியங்கள். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பேச்சு உண்டு: எண்கள் பொய் சொல்லாது, எந்த எண்ணை விடுகிறோம் என்பதுதான் பொய்.

அண்ணன் உடனே, “நெட்டு போனா என்ன தம்பி, நாளைக்கு ஆடிக்க” என்றார். யாழ்ப்பாணத்துத் தம்பி, “அது ஒண்டும் பிரச்சினையில்லை அண்ணை, எங்கட பக்கமும் உப்பிடித்தான்” என்று எழுதினான். அந்த நேரத்தில் அவன் விழித்திருந்து எழுதியதே எனக்காகத்தான். திங்கட்கிழமை காலை மறு ஆட்டம் ஆடினேன். 67.

நம்மில் சிலருக்குத் தெரிந்திருக்கும்: 1978 பிரிட்டிஷ் ஓபன் போட்டியின் மூன்றாம் சுற்றில் அதே 17ஆம் ஹோலில் ஜப்பானின் டாமி நகாஜிமா இரண்டே அடியில் கிரீனுக்கு வந்துவிட்டார். மூன்றாவது அடி, குழியை நோக்கி உருட்டிய பந்து, சரிவில் ஓடி அந்தப் பங்கருக்குள் விழுந்தது. வெளியே வர நாலு அடி. மொத்தம் ஒன்பது. பட்டம் வெல்லக்கூடிய இடத்தில் இருந்தவர், உலகமே பார்க்க, 9 என்று அட்டையில் வாங்கிக்கொண்டு 18க்கு நடந்தார். அந்த இடத்தை ‘நகாஜிமாவின் மணல்’ என்றே இன்றும் கேலியாகச் சொல்கிறார்கள். அவருக்கும் எங்கேயாவது ஒரு பிளக் தெரிந்திருந்தால் பிடுங்கியிருப்பாரா? மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு மனசு பெரிது என்பதற்காக அல்ல. ஒன்பதை எண்ணாவிட்டால் முதல் மூன்று அடிகளும் அவருடையவை அல்ல என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

அதே மைதானத்தில் ஒருவர் எண்ணாமல் போயிருக்கிறார். 1921 ஓபனில் 19 வயது பாபி ஜோன்ஸ், மூன்றாம் சுற்றில், 11ஆம் ஹோல் பங்கரில் அடித்து அடித்து வெறுத்துப்போய், ஹோலை முடிக்காமலே போட்டியை விட்டு விலகினார். அட்டையைக் கிழித்துப் போட்டார் என்றே கதை சொல்வார்கள். நான் முதலில் இந்தக் கதையில்தான் ஆறுதல் தேடினேன். அவ்வளவு பெரிய ஆட்டக்காரரே பங்கரில் பொறுமை இழந்தாரே என்று. ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. அவர் அட்டையைக் கிழித்துவிட்டுப் போட்டியை விட்டே விலகினார். நான் அட்டையைக் கிழித்துவிட்டுப் புது அட்டை கேட்டேன்.

கதை அதோடு நிற்கவில்லை. நாலு வருடம் கழித்து, 1925 அமெரிக்க ஓபன். முதல் சுற்றில் மேட்டுப் புல்லில் பந்தை அடிக்க ஜோன்ஸ் மட்டையை வைத்தபோது பந்து ஒரு துளி அசைந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. அசைந்தது என்று தானே சொல்லித் தன் கணக்கில் ஓர் அடி கூட்டிக்கொண்டார். 72 ஹோல் முடிவில் வில்லி மக்ஃபர்லேனும் அவரும் சமம். மறுநாள் கூடுதலாக 36 ஹோல் ஆடி, ஜோன்ஸ் ஓர் அடியில் தோற்றார். தானே கூட்டிக்கொண்ட அந்த அடி இல்லாவிட்டால் பட்டம் முன்தினமே அவருடையது. இதற்காகப் பாராட்டியவர்களிடம், இதில் பாராட்ட ஒன்றுமில்லை என்ற பாவனையில்தான் அவர் பேசினார். 1927இல் அதே செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓபன் வென்றார். 1958இல், நோயால் கைத்தடியோடு வந்தவருக்கு அந்த ஊர் தன் கௌரவக் குடியுரிமையைக் கொடுத்தது. 19 வயதில் அவர் போட்டியைப் பாதியில் விட்ட ஊர்.

இதையெல்லாம் நான் அந்த வாரம் படிக்கவில்லை. அந்த வாரம் நன்றாகத்தான் தூங்கினேன். என்னை எழுப்பியது மூன்றாம் சுற்று.

யாழ்ப்பாணத்துத் தம்பிக்கு 14ஆம் ஹோலில் உண்மையாகவே நெட் போனது. திரும்ப வந்தபோது விளையாட்டு விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. ஆனால் பாதியில் தொங்கிய ஷாட்டை ஓர் அடியாகக் கணக்கில் ஏற்றிவிட்டது. மறு ஆட்டம் கேட்க அவனுக்கு எல்லா உரிமையும் இருந்தது. கேட்கவில்லை. டொரான்டோ சார்தான், “தம்பி, நீங்க ரீபிளே கேட்கலாமே” என்று எழுதினார். அவன் பதில்: “பரவாயில்லை. அண்ணைக்கு ஒருக்கா குடுத்தாச்சு. எல்லாரும் கேட்டா போட்டி முடியாதெல்லோ.”

அதற்குக் கீழே நானும் ஒரு கட்டைவிரல் போட்டேன். உங்கள் போனில் இன்னும் இருக்கும், பாருங்கள்.

கடைசி ஸ்கோர் உங்களுக்குத் தெரியும். அக்கா 270. நான் 69, 67, 70, 66, மொத்தம் 272. தம்பி 273. பரிசு தோற்றத்தில் ஒன்றுமில்லை: அண்ணன் தன் மைதானத்துப் புதரில் கண்டெடுத்து, கழுவித் துடைத்து, ஊருக்கு வந்தவர் கையில் கொடுத்து அனுப்பிய மூன்று பழைய பந்துகள். என்னுடையது இந்த நிமிடம் மேஜையில், கால்குலேட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நிஜக் கோல்ஃப் பந்தை நான் கையில் எடுத்தது அப்போதுதான் முதல் முறை. திரையில் காற்றைவிட லேசாகப் பறப்பது, கையில் கனக்கிறது. 46 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. வெளியே முந்நூறுக்கும் மேல் சின்னச் சின்னப் பள்ளங்கள். ஒரு பக்கம் மட்டை விளிம்பு வெட்டிய பிறை வடிவக் காயம். அதன் அருகே யாரோ நீல மையில் இரண்டு புள்ளி வைத்திருக்கிறார்கள். இது என் பந்து என்று அடையாளம் கண்டுகொள்ள ஆட்டக்காரர்கள் வைக்கும் குறி அது என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அடுத்தவர் பந்தைத் தவறுதலாக அடித்தால்கூடத் தண்டனை. அந்த இரண்டு நீலப் புள்ளிகளை மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இது என் பந்து இல்லை.

உண்மையான போட்டியில் சுற்று முடிந்ததும் அட்டையில் ஆட்டக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். 1968 மாஸ்டர்ஸில் ராபர்ட்டோ டி விசென்சோ 17ஆம் ஹோலில் எடுத்தது 3, கூட ஆடியவர் 4 என்று எழுதிவிட்டார், அதைக் கவனிக்காமல் டி விசென்சோ கையெழுத்திட்டார். லட்சக்கணக்கான கண்கள் 3ஐப் பார்த்திருந்தும் 4தான் நின்றது. ஓர் அடியில் பட்டத்துக்கான வாய்ப்பு போனது. பார்த்தவர்களுடைய கண்ணைவிட, ஆடியவனுடைய கையெழுத்துக்கு அங்கே மதிப்பு அதிகம். நம் திரையில் கையெழுத்து இல்லை. மெஷின் எண்ணுகிறது, அங்குலம் பிசகாமல் எண்ணுகிறது. அதனால் எண்ணுவது, நேர்மையாக இருப்பது எல்லாமே மெஷினின் வேலை, நமக்கு ஆடுவது மட்டும்தான் வேலை என்று பழகிப்போனோம். கோலிக்குண்டில் தெரு பார்த்துக்கொண்டது, இங்கே மெஷின் பார்த்துக்கொள்கிறது. அது எண்ணத் தெரியாத ஒரே இடம் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட். நான் போன ஒரே இடமும் அதுதான்.

கணக்கு எழுதும்போது எங்கே சேர்ப்பது என்று தெரியாத தொகையை அனாமத்துக் கணக்கில் தள்ளி வைப்போம். வருஷ முடிவுக்குள் அதைத் தீர்த்தாக வேண்டும். என் ஐந்து அடிகள் அங்கேதான் கிடக்கின்றன. ஆறாவது அடியில் வெளியே வந்திருப்பேனா, ஒன்பதில் முடித்திருப்பேனா, பதினொன்றா? தெரியாது. இனி ஆடித் தெரிந்துகொள்ளவும் முடியாது. நெகிழ்ந்து போய்ச் சொல்லவில்லை; நான் பறிகொடுத்தது உண்மையில் அதுதான். என் வாழ்நாளின் மிகச் சிறந்த சுற்று அன்று பாதியில் நிற்கிறது. ஒரு 9 விழுந்திருந்தாலும் அது முழுச் சுற்று. 18இல் பார் எடுத்திருந்தால் 73. எனக்கு அது மோசமான ஸ்கோரே இல்லை.

உங்களிடம் மூன்று விஷயம் கேட்கிறேன்.

முதலாவது, பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். இரண்டாம் சுற்றுக்கு மட்டும் ஏதாவது ஒரு எண்ணைப் போட்டுச் சரிக்கட்ட வேண்டாம். சுற்றை முடிக்காதவன் போட்டியில் இல்லை, விதி அவ்வளவுதான். இரண்டாம் இடம் யாழ்ப்பாணத்துத் தம்பிக்கு, மூன்றாம் இடம் டொரான்டோ சாருக்கு.

இரண்டாவது, அடுத்த போட்டிக்கு விதியை இறுக்கிவிடாதீர்கள். நெட் போனதற்கு வீடியோ காட்டு, ஸ்பீட் டெஸ்ட் அனுப்பு என்றெல்லாம் யாராவது ஆரம்பிப்பீர்கள், நியாயமாகத் தோன்றும். வேண்டாம். நம்பி விட்ட இடத்தில் நான் ஒருவன் திருடினேன். அதே இடத்தில்தான் தம்பி ஓர் அடியை வாய் திறக்காமல் ஏற்றுக்கொண்டான். அந்த இடத்தை அடைத்துவிட்டால் என்னைப் போன்றவன் தப்பிப்பது நிற்கும்; அவனைப் போன்றவன் இருக்கிறான் என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும்.

மூன்றாவது, என்னைக் குரூப்பில் இருக்க விடுவதா வேண்டாமா என்று நீங்கள் பேசி முடிவெடுங்கள். அந்த வாரம் நான் எட்டிப் பார்க்க மாட்டேன். இருக்கச் சொன்னால், அடுத்த போட்டியில் ஆட மாட்டேன். ஸ்கோர் குறித்துவைக்கும் வேலையை மட்டும் கொடுங்கள். அது எனக்குத் தெரிந்த வேலை. இந்த முறை ஒழுங்காகவே செய்வேன்.

அண்ணா, உங்களிடம் தனியாக ஒன்று. மணலைப் பார்த்தாலே யார் ஆடிவிட்டுப் போனார்கள் என்று தெரியும் என்றீர்கள். திரையில் மணல் தானாகச் சமனாகிவிடுவதால் எனக்கு வேலை மிச்சம் என்று நினைத்தேன். சமனாகவில்லை, அண்ணா. சீவுகோலைத் தேடி எடுக்க இத்தனை நாளாயிற்று.

இப்படிக்கு,
திண்டுக்கல்லிலிருந்து உங்கள் கணக்குப்பிள்ளை

பி.கு.: மேலே உள்ளதை எழுதிய பிறகு, பந்தை நேற்று யாழ்ப்பாணத்துக்குத் தபாலில் போட்டாயிற்று. வெளிநாட்டுப் பார்சல் என்பதால் உள்ளே என்ன, மதிப்பு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ‘பழைய கோல்ஃப் பந்து, 1’ என்று எழுதினேன். மதிப்பு என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது. கவுன்ட்டரில் இருந்த அம்மா, “வரிசை நிக்குது சார்” என்றார். ஐம்பது ரூபாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.